சூரியனுக்குக் கிட்டப் போன பார்க்கர்: சூட்டைவிட வேகமே பெரிய சிக்கல்

பங்குனி பிறந்தால் வன்னியில் சூரியனைப் பற்றிய இரண்டு வகைச் செய்திகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. ஒன்று, "சூரியன் நேர் உச்சம் கொடுக்கிறது" என்று வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டுதோறும் விடும் அறிவித்தல். மற்றது, நாசாவின் பார்க்கர் விண்கலம் சூரியனைத் "தொட்டது", சூரியப் புயல் வருகிறது, இந்தியாவின் ஆதித்யா சூரியனுக்குப் போய்விட்டது என்று கைத்தொலைபேசிகளில் சுற்றும் துணுக்குகள். இவற்றைச் சேர்த்து வாசித்தால், விண்கலம் கிட்டப் போவதற்கும் இங்கே வயல்வெளி கொதிப்பதற்கும் ஏதோ தொடுப்பு இருப்பதுபோல் தோன்றும். அப்படி ஒரு தொடுப்பும் இல்லை.

### வெக்கையைத் தனியே எடுத்து வைப்போம்

கிளிநொச்சி ஏறத்தாழ 9.4 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. சூரியன் வடக்கே நகரும்போது ஏப்ரல் 5 அளவில் இலங்கையின் தென்முனைக்கு நேர் மேலே வந்து, 15 அளவில் வடமுனையைக் கடக்கிறது. கிளிநொச்சிக்கு அது ஏப்ரல் 14ஐ ஒட்டி, வருடப்பிறப்போடு வருகிறது. திரும்பித் தெற்கே போகும்போது ஓகஸ்ட் கடைசியில் இன்னொரு தடவை. அந்த நாட்களில் நண்பகலில் ஒளி செங்குத்தாக விழுகிறது. காற்றும் குறைவு, மழையும் இல்லை என்றால் வெக்கை ஏறும்.

தூரம் இதில் காரணமே இல்லை. பூமி சூரியனுக்கு மிகக் கிட்ட வருவது ஜனவரி முதல் வாரத்தில் (14 கோடி 71 இலட்சம் கிலோமீற்றர்), மிக எட்டப் போவது ஜூலை முதல் வாரத்தில் (15 கோடி 21 இலட்சம்). ஜனவரியில் வன்னியில் காலையில் பனி கொட்டும். சூரியன் தன் 11 ஆண்டுச் சுழற்சியில் உச்சத்துக்குப் போனாலும் அது தரும் மொத்த ஒளிச்சக்தி 0.1 சதவீத அளவில்தான் கூடிக் குறைகிறது. 685 கிலோகிராம் விண்கலம் ஒன்று அங்கே என்ன செய்தாலும் இதில் எதுவும் அசையாது.

### "கிட்ட" என்றால் எவ்வளவு கிட்ட?

சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான சராசரித் தூரம் 14 கோடி 96 இலட்சம் கிலோமீற்றர். இந்தத் தூரத்தை ஏ9 வீதிக்குச் சுருக்கிப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் பூமி, கண்டியில் சூரியன், இடையில் 321 கிலோமீற்றர்.

ஆதித்யா-எல்1 பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றரில் நிற்கிறது. வீதிக் கணக்கில் அது யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று கிலோமீற்றர் சொச்சம். நாவற்குழிப் பாலத்தைக்கூடத் தாண்டவில்லை. 1976இல் சாதனை படைத்த ஹீலியோஸ்-2 விண்கலம் சூரியனிலிருந்து 4 கோடி 34 இலட்சம் கிலோமீற்றர் வரை போனது. அது கெக்கிராவையை அண்டிய இடம். 2024 டிசெம்பர் 24 அன்று பார்க்கர் சூரிய மேற்பரப்பிலிருந்து 61 இலட்சம் கிலோமீற்றருக்குள் வந்தது. அதாவது கண்டிக்கு 13 கிலோமீற்றர் இருக்க, அக்குறணைக்குச் சற்று வடக்கே.

இதனால் ஆதித்யா சிறியது என்று ஆகிவிடாது. 2023 செப்டெம்பர் 2இல் ஏவப்பட்டு 2024 ஜனவரி 6இல் தன் இடத்தை அடைந்த அந்தக் கலத்தின் வேலையே வேறு. செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜி அதன் திட்ட இயக்குநர். பூமியும் சூரியனும் இழுக்கும் விசைகள் சேர்ந்து, கலத்தைப் பூமியோடு ஒத்த வேகத்தில் சுற்றவைக்கும் ஒரு புள்ளியைச் சுற்றி அது நிற்கிறது. அங்கிருந்து இரவோ மறைப்போ இல்லாமல் சூரியனைப் பார்க்கலாம். அது காவல்கொட்டில் வேலை. பார்க்கர் உள்ளே போய் மாதிரி எடுப்பது.

"மேற்பரப்பு" என்று இங்கே சொல்வது கால் வைக்கக்கூடிய தரை அல்ல. கண்ணுக்குத் தெரியும் ஒளி கிளம்பும் படை அது. வெப்பநிலை ஏறத்தாழ 5,500 பாகை செல்சியஸ். அதற்கு வெளியே பல இலட்சம் கிலோமீற்றருக்கு விரியும் மெல்லிய வளிமண்டலம்தான் கொரோனா. அதன் வெப்பநிலை பத்து இலட்சம் பாகைக்கு மேல். முழுச் சூரிய கிரகணத்தில் மட்டுமே அதை வெறுங்கண்ணால் காணலாம். 1955 ஜூன் 20இல் பொலன்னறுவைப் பக்கம் தெரிந்தது அப்படிப்பட்ட கிரகணம். 2019 டிசெம்பர் 26இல் வட இலங்கையில் நாம் பார்த்தது கங்கண கிரகணம். சூரிய விளிம்பு வளையமாக மிஞ்சியதால் கொரோனா தெரியவில்லை.

### கீழே விழுவதற்கு ஏன் இவ்வளவு பாடு?

சூரியன் எல்லாவற்றையும் இழுக்கிறதே, விண்கலத்தை விட்டுவிட்டால் தானாக விழாதா என்பது நியாயமான கேள்வி. விழாது. காரணத்தைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. பூமி சூரியனைச் சுற்றி விநாடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. பூமியிலிருந்து கிளம்பும் எதற்கும் இந்தப் பக்கவாட்டு வேகம் பிறப்பிலேயே இருக்கிறது. சூரியன் இழுத்தாலும் கலம் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே இருப்பதால் விழாமல் சுற்றுகிறது.

2. சூரியனுக்குக் கிட்டப் போக இந்த வேகத்தைக் கழிக்கவேண்டும். பார்க்கர் இன்று தொடும் தூரத்துக்குப் பூமியிலிருந்து ஒரே மூச்சில் விழவேண்டுமானால் விநாடிக்கு 30 கிலோமீற்றரில் 21ஐ இல்லாமல் ஆக்கவேண்டும். செவ்வாய்க்குப் போக, பூமியின் ஈர்ப்பைத் தாண்டிய பின் 3 கிலோமீற்றர் அளவு கூட்டினால் போதும். சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், சூரியனுக்கான தேவை செவ்வாயைப்போல் ஐம்பது மடங்குக்கு மேல். நாசா சொல்லும் கணக்கு 55 மடங்கு.

3. ஆகவே 2018 ஓகஸ்ட் 12இல், தாழ்ந்த சுற்றுப்பாதைக்கு 28 தொன் ஏற்றவல்ல டெல்டா-4 ஹெவி ரொக்கெற்றில், முக்கால் தொன்னுக்கும் குறைவான இந்தக் கலத்தை வைத்து, மேலே இன்னொரு உந்துகட்டத்தையும் பூட்டி ஏவினார்கள். அதுவும் போதவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் வந்த முதல் நெருக்கம் 2 கோடி 48 இலட்சம் கிலோமீற்றரில்தான்.

4. மிச்ச வேகத்தை வெள்ளிக் கோளிடம் கொடுத்துக் குறைத்தார்கள். கலம் வெள்ளியின் முன்புறமாகக் கடக்கும்போது வெள்ளி அதைப் பின்னோக்கி இழுக்கிறது. கலம் மெதுவாகிறது, வெள்ளி கணக்கில் வராத அளவுக்கு வேகம் பெறுகிறது. 2018 ஒக்ரோபர் 3 முதல் 2024 நவம்பர் 6 வரை ஏழு தடவை இது நடந்தது. ஏழாவது தடவை கலம் வெள்ளியின் தரைக்கு மேல் 376 கிலோமீற்றரில் கடந்தது. ஒவ்வொரு சந்திப்பும் பாதையின் சூரியப் பக்க முனையை இன்னும் உள்ளே தள்ளியது.

பழைய திட்டத்தில் கலம் வியாழன் வரை வெளியே போய், அதன் ஈர்ப்பில் திரும்பி விழுவதாக இருந்தது. இப்போதையதைவிட இன்னும் கிட்டப் போகும், ஆனால் இரண்டே இரண்டு நெருக்கங்கள்தான் கிடைக்கும். வியாழனடியில் சூரிய ஒளி போதாததால் அணுசக்தி மின்கலமும் வேண்டும். வெள்ளி வழியைத் தெரிந்தெடுத்ததால் முதல் திட்டத்திலேயே 24 நெருக்கங்கள் கிடைத்தன. பொறியியலில் இதைவிட நல்ல பண்டமாற்று அரிது.

செய்திகள் கொண்டாடும் "மணிக்கு 6 இலட்சத்து 92 ஆயிரம் கிலோமீற்றர்" என்ற வேகமும் இங்கேதான் விளங்குகிறது. அது இயந்திரம் கொடுத்த வேகம் அன்று, சூரியனை நோக்கி விழுவதால் வந்தது. பாதையின் மறுமுனையில், வெள்ளியின் தூரத்தில், கலம் அதைவிட மிக மெதுவாகப் போகிறது.

### பத்து இலட்சம் பாகையில் எப்படி உருகாமல் இருக்கிறது?

வெப்பநிலை என்பது துணிக்கைகள் எவ்வளவு வேகமாக ஓடுகின்றன என்பதன் அளவு. வெப்பம் என்பது அவை கைமாற்றும் சக்தி. நம்மைச் சுற்றியுள்ள காற்றில் ஒரு கன சென்ரிமீற்றரில் இரண்டரைக்குப் பின் 19 சுழியம் போடும் அளவு எண்ணிக்கையில் மூலக்கூறுகள் உண்டு. பார்க்கர் போகும் இடத்துக் கொரோனாவில் அதே அளவு இடத்தில் ஆயிரக்கணக்கான துணிக்கைகளே உண்டு. ஒவ்வொன்றும் பயங்கர வேகம். ஆனால் வந்து மோதுபவை சொற்பம், சேரும் சக்தியும் சொற்பம்.

கலத்தைச் சுடுவது கொரோனா அல்ல, நேரே விழும் ஒளி. அதை வீட்டிலிருந்தே கணக்கிடலாம். சூரிய மையத்திலிருந்து அளந்தால் பார்க்கர் பூமியைவிட ஏறத்தாழ 22 மடங்கு கிட்ட. ஒளிச்செறிவு தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறு, ஆகவே ஏறத்தாழ 475 மடங்கு. பூமிக்கு வெளியே ஒரு சதுர மீற்றரில் 1,361 வாற்று விழுகிறது. அங்கே அது 650 கிலோவாற்றை நெருங்குகிறது.

முன்னால் நின்று இதை வாங்கும் கவசம் 2.4 மீற்றர் விட்டமும் 11.4 சென்ரிமீற்றர் தடிப்பும் உள்ள தட்டு. நிறுத்தால் 72 கிலோகிராம் சொச்சம்தான். கரிநார் கலந்த இரு கரித்தகடுகளுக்கு நடுவில், 97 சதவீதம் வெறும் இடமான கரி நுரை. சூரியனைப் பார்க்கும் முகத்தில் வெள்ளை அலுமினிய ஒட்சைட்டுப் பூச்சு. கரி கறுப்பு, விழுவதையெல்லாம் உறிஞ்சும், அதனால்தான் வெள்ளை. அந்த உச்ச வெப்பத்தில் வெள்ளைப் பூச்சும் கரியும் ஒன்றோடொன்று தாக்கமடைந்து பூச்சுக் கறுத்துவிடக்கூடும் என்பதால் இடையில் மெல்லிய டங்ஸ்டன் படை. ஏறத்தாழ 1,400 பாகை தாங்கும்படி கட்டப்பட்டது. 2024 டிசெம்பர் நெருக்கத்தில் முகப்பு 980 பாகை அளவுக்குச் சூடாகும் என்று கணித்திருந்தார்கள். பின்னால் நிழலில் இருக்கும் உடல் 30 பாகையை ஒட்டியே இருக்கும். பங்குனிக் கடைசியில் மாங்குளத்தில் நிற்பவர் அதைவிடக் கூட வேர்ப்பார்.

நிழலுக்கு வெளியே நீட்டித்தான் ஆகவேண்டிய உறுப்புகளும் உண்டு. சூரியக் காற்றை, அதாவது சூரியனிலிருந்து ஓயாமல் வெளியே வீசும் துணிக்கைகளை, நேரே ஏந்திப் பிடிக்கும் கிண்ணம் டைட்டேனியம், சிர்க்கோனியம், மொலிப்டினம் சேர்ந்த உலோகக் கலவை. 2,349 பாகையில்தான் உருகும். உள்ளே இருக்கும் வலைக்கம்பி டங்ஸ்டன். சாதாரண மின்வயரின் பிளாஸ்ரிக் உறை அங்கே நிற்காது, ஆகவே நயோபியக் கம்பியை நீலக்கல் பளிங்குக் குழாய்களுக்குள் விட்டிருக்கிறார்கள்.

### சோலர் பனலுக்கு ஏன் தண்ணீர்?

சோலர் பம்ப் வைத்திருக்கும் தோட்டக்காரருக்கு இது தெரிந்த விடயம். பனல் சூடேறினால் மின் குறையும். கூரையில் பூட்டும் சிலிக்கன் பனலில் 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.3 முதல் 0.5 சதவீதம் போகும். பார்க்கரில் கேள்வி மின் குறைவதல்ல, பனலே கருகுவது.

இதற்கு இரண்டு ஏற்பாடுகள். கிட்டப் போகப் போகப் பனல்கள் பின்னோக்கி மடங்கி, கடைசியில் நுனித்துண்டு மட்டும் கவச நிழலின் ஓரத்தில் தெரியும். அந்தத் துண்டின் முதுகில் நுண்குழாய்களில் தண்ணீர் ஓடி, வெப்பத்தை நான்கு கதிர்வீசித் தகடுகளுக்குக் கொண்டுபோய் விண்வெளியில் கொட்டுகிறது. மொத்தத் தண்ணீர் ஏறத்தாழ 3.7 லீற்றர். அமுக்கத்தில் அடைத்திருப்பதால் 125 பாகை வரை கொதிக்காது.

தண்ணீரைத் தெரிந்தெடுத்ததன் சங்கடம் மறுமுனையில் இருக்கிறது, அது உறையும். ரொக்கெற்றிலிருந்து பிரிந்தவுடன் கலம் குளிரும். அதனால் தண்ணீரைச் சூடாக்கிய தாங்கியில் வைத்துப் போய், முதலில் இரண்டு தகடுகளுக்கு மட்டும் திறந்துவிட்டார்கள். மற்ற இரண்டும் சூரியனை நெருங்கிய பின், சில வாரங்கள் கழித்து.

### கவசம் சரிந்தால்?

அந்த இடத்தில் கவசம் கோணலாகிக் கருவிகள் வெயிலில் பட்டால் பல பத்து விநாடிகளில் கலம் செத்துவிடும். ஒளி வேகத்தில் ஓடும் சமிக்ஞையே பூமிக்கு வர எட்டு நிமிடம் பிடிக்கும். அமெரிக்காவின் மேரிலன்டில் இருக்கும் கட்டுப்பாட்டறை தகவலைக் கேட்டுப் பதில் அனுப்புமுன் கதை முடிந்திருக்கும். ஆகவே நிழலின் விளிம்பில் ஏழு சிறிய ஒளியுணரிகள் இருக்கின்றன. ஏதாவது ஒன்றில் ஒளி பட்டால் கலம் தானே முடிவெடுத்துத் திரும்புகிறது. 2024 டிசெம்பர் 24இல் தொடர்பே இருக்கவில்லை. "உயிரோடு இருக்கிறேன்" என்ற ஒற்றைத் தொனி 26ஆம் திகதி இரவில்தான் வந்தது. விவரமான நிலைத்தரவு ஜனவரி 1இல்.

ஆயுளைக் கட்டுப்படுத்தப்போவது எரிபொருள். கவசத்தைச் சூரியனுக்கு நேரே பிடிக்கும் சுழல்சக்கரங்களில் தேங்கும் உந்தத்தைச் சிறு உந்திகள்தான் இறக்கவேண்டும். எரிபொருள் தீர்ந்தால் பிடி விடும், உடல் கருகும், கரித்தட்டு மட்டும் சுற்றும்.

### இவ்வளவு பாடுபட்டு எதைத் தேடுகிறார்கள்?

1958இல், கலத்துக்குப் பெயர் தந்த இயற்பியலாளர் யூஜின் பார்க்கர், கொரோனா அமைதியாக ஓரிடத்தில் தங்க முடியாது, ஒலியைவிட வேகமாக வெளியே வீசவேண்டும் என்று கணக்குப்போட்டுக் காட்டினார். கட்டுரையை மதிப்பிட்ட இருவரும் வேண்டாம் என்றார்கள். ஆய்விதழின் ஆசிரியர் நம்மவரான சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்கும் அந்த முடிவு பிடிக்கவில்லை என்றாலும், கணக்கில் பிழை காட்ட யாராலும் முடியாததால் அச்சுக்கு விட்டார். 1962இல் மரினர்-2 விண்கலம் வெள்ளிக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் காற்றை அளந்தது. உயிரோடு இருந்தவர் ஒருவரின் பெயரை நாசா ஒரு கலத்துக்கு வைத்தது பார்க்கரோடுதான் முதல் தடவை. அவர் 2022 மார்ச்சில் காலமானார்.

காற்று இருப்பது தெரிந்தது. ஆனால் இரண்டு கேள்விகள் நின்றன. 5,500 பாகை மேற்பரப்புக்கு மேல் பத்து இலட்சம் பாகை எப்படி வருகிறது? விநாடிக்கு 300 முதல் 800 கிலோமீற்றர் வரை காற்றை முடுக்குவது எது? பூமிக்குக் கிட்ட அளந்தால் காற்று வழியில் கலங்கி, தன் பிறப்பின் அடையாளத்தை இழந்துவிட்டிருக்கும். கிளம்பும் இடத்துக்கே போகவேண்டும் என்பது இதனால்தான்.

கிடைத்தவற்றில் முக்கியமானவை:

1. எல்லையைக் கடந்தது. 2021 ஏப்ரல் 28இல், சூரிய மேற்பரப்பிலிருந்து 18.8 சூரிய ஆரை தூரத்தில், கலம் அல்வேன் எல்லையைக் கடந்தது. அதற்கு உள்ளே பிளாஸ்மா (மின்னேற்றம் பெற்ற துணிக்கைகளின் கூட்டம்) சூரியனின் காந்தப்புலத்துக்குக் கட்டுப்பட்டது. வெளியே காற்று காந்த அலைகளைவிட வேகமாக ஓடி, மீண்டும் சூரியனோடு பேசமுடியாதபடி பிரிந்துபோகிறது. "சூரியனைத் தொட்டது" என்ற தலைப்பின் உண்மைப் பொருள் இந்த எல்லைதான். அந்த எல்லை சீரான பந்து வடிவம் அன்று, மேடும் பள்ளமுமானது என்பதும் தெரிந்தது.

2. திடீர்த் திருப்பங்கள். காந்தப்புலம் இடையிடையே எஸ் வடிவில் பின்னோக்கி மடிந்து கிடக்கிறது. முதல் சுற்றுகளிலேயே இது எக்கச்சக்கமாக அகப்பட்டது. மேற்பரப்புக்குக் கிட்ட எதிரெதிர்ப் புலங்கள் அறுந்து மீண்டும் பொருந்தும் இடங்களோடு இவற்றைத் தொடர்புபடுத்துகிறார்கள்.

3. அலைகளின் பங்கு. 2022 பெப்ரவரியில் ஒரே காற்றோட்டத்தைப் பார்க்கரும் ஐரோப்பாவின் சோலர் ஒபிற்றர் விண்கலமும் அடுத்தடுத்து அளந்தன. இடையில் காந்த அலைகள் இழந்த சக்தி, காற்றுப் பெற்ற சூட்டுக்கும் முடுக்கத்துக்கும் ஈடுகொடுத்தது.

கொரோனாச் சூட்டின் முழு விடையும் கிடைத்துவிட்டது என்று எழுதும் செய்தியை நம்பவேண்டாம். சிறு வெடிப்புகளுக்கு எவ்வளவு பங்கு, அலைகளுக்கு எவ்வளவு பங்கு என்ற வாதம் நடந்துகொண்டே இருக்கிறது.

### வன்னிக்கு இதில் என்ன?

சூரியனில் நடக்கும் வெடிப்பு பூமிவரை வந்து அதன் காந்தப்புலத்தைக் குலுக்குவதுதான் சூரியப் புயல். அது வந்தால் மின்சாரம் போகும் என்பது பரவலான அச்சம். 1989 மார்ச் 13இல் கனடாவின் கியூபெக்கில் அறுபது இலட்சம் பேர் ஒன்பது மணிநேரம் இருளில் கிடந்தது உண்மை. ஆனால் அது பூமியின் காந்த வடதுருவத்துக்குக் கிட்டிய நிலம். காந்தப்புலம் குலுங்கும்போது நீளமான மின்வழிகளில் தூண்டப்படும் ஓட்டம் அங்கே பலமானது. நமது வவுனியா–கிளிநொச்சி–சுன்னாகம் 132 கிலோவோல்ற்று வழிக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. இங்கே மின்வெட்டு வந்தால் காரணத்தை நிலத்திலேயே தேடலாம்.

நமக்குரிய சிக்கல் வேறொன்று. பூமியின் காந்த மத்தியகோடு தென்னிந்தியாவின் தென்முனையையும் இலங்கையின் வடபகுதியையும் ஒட்டிப் போகிறது. இந்தக் கோட்டை ஒட்டிய வானில், சூரியன் மறைந்ததும் அயன்மண்டலத்தில் (மின்னேற்றத் துணிக்கைகள் நிறைந்த மேல்வளிப் படையில்) குமிழிகள் எழுந்து செய்மதிச் சமிக்ஞையைத் துடிக்கவைக்கும். சூரியன் உச்சச் சுழற்சியில் இருக்கும் ஆண்டுகளில் இது கூடும். விளைவுகள்:

1. முல்லைத்தீவிலிருந்து இரவுத் தொழிலுக்குப் போகும் படகில் உள்ள சாதாரண ஜி.பி.எஸ் கருவி சில மீற்றர் பிசகலாம், சில நிமிடம் நிலைகுலையலாம். வலையைத் தேடிப் போக இது பெரிய தடை இல்லை.

2. சென்ரிமீற்றர் துல்லியம் வேண்டும் நில அளவையிலும், கண்ணிவெடி அகற்றிய எல்லைகளைப் பதிவதிலும் இது வேலையை நிறுத்தும். இரட்டை அலைவரிசைக் கருவியும் பகல் வேளையும் பெரும்பாலான பிசகைத் தீர்க்கும்.

3. தாழப் பறக்கும் இணையச் செய்மதிகளுக்கு வேறு ஆபத்து. புயலில் மேல்வளிமண்டலம் சூடாகி வீங்கி இழுவையைக் கூட்டும். 2022 பெப்ரவரியில் அப்போதுதான் ஏவிய 49 ஸ்ராலிங்க் செய்மதிகளில் ஏறத்தாழ 40 அப்படி வீழ்ந்தன.

எச்சரிக்கை யார் தருவது? பார்க்கர் அல்ல. அது 88 நாளுக்கு ஒரு முறை ஓடி நெருங்குகிறது, தரவு பிந்தியே வருகிறது. புயலின் காந்தத் திசையை வருமுன் அளப்பவை ஆதித்யா நிற்கும் இடத்துக் கலங்கள்தான். அவை தரும் அவகாசம் பெரும்பாலும் கால் மணியிலிருந்து ஒரு மணிநேரம். பார்க்கரின் அளவைகள் சேரும் இடம் எதிர்வுகூறும் கணினி மாதிரிகள். காற்று எங்கே, எப்படி முடுகுகிறது என்று சரியாகத் தெரிந்தால், சூரியனில் வெடிப்பைக் கண்ட அன்றே, அது வந்துசேரும் இரண்டு மூன்று நாளுக்கு முன்பே, நேரத்தை நெருக்கமாகச் சொல்லலாம்.

### செய்தி வந்தால் பார்க்கவேண்டியவை

"பார்க்கர் முன்னெப்போதையும்விடக் கிட்டப் போகிறது" என்று இனி வரும் தலைப்பு பிழை. வெள்ளிச் சந்திப்புகள் 2024 நவம்பரோடு முடிந்தன, பாதையை உள்ளே தள்ள வேறு வழி இல்லை. 2025 மார்ச் 22, ஜூன் 19, செப்டெம்பர் 15, டிசெம்பர் 13 எல்லாம் அதே 61 இலட்சம் கிலோமீற்றர்தான். தூரத்தைச் சொல்லும்போது மேற்பரப்பிலிருந்தா மையத்திலிருந்தா என்றும் பாருங்கள். இரண்டுக்கும் இடையில் 7 இலட்சம் கிலோமீற்றர் வித்தியாசம், அதனால்தான் ஒரே நிகழ்வுக்கு 61 இலட்சம் என்றும் 68 இலட்சம் என்றும் இரண்டு எண்கள் சுற்றுகின்றன. சூரியனின் தென்துருவப் படம் என்று 2025 ஜூனில் வெளியானது பார்க்கர் எடுத்ததல்ல, சோலர் ஒபிற்றர் எடுத்தது. பார்க்கரின் கமரா சூரியனை நேரே பார்ப்பதே இல்லை; கவசத்தின் ஓரத்தால் பக்கவாட்டில் காற்றைத்தான் படமெடுக்கிறது. ஆகவே எரியும் செம்மஞ்சள் கோளம் ஒன்றைப் போட்டு "பார்க்கர் கிட்ட நின்று எடுத்த படம்" என்று வந்தால், அது வேறு கலத்தின் படம் அல்லது வரைந்தது.